விரிசல் என்று நான் சொன்னது

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் என் பழைய பனிக்கலப்பை கையை விரித்துவிட்டது. பதினொரு குளிர்காலம் உழைத்த இரும்பு. சாலையில் போடும் உப்பு அதை உள்ளிருந்தே தின்றிருந்தது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன், துரு அப்பளமாக உதிர்ந்தது.

கோடையில் நான் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன். குளிர்காலத்தில் அதே பிக்கப் வண்டியின் மூக்கில் கலப்பையை மாட்டிக்கொண்டு பனி தள்ளுவேன். எங்கள் ஊர் ஆல்டர் க்ரீக்கில் கூரைக்காரன் குளிர்காலத்தில் வேறென்ன செய்வான்? சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து நவம்பரில் கொட்டத் தொடங்கினால் ஏப்ரல் வரை ஓயாது.

அந்த வருடம் புதிதாக ஒரு பெரிய வேலையும் கிடைத்திருந்தது. ஊர் மருத்துவமனையின் வண்டி நிறுத்துமிடம். இருபது வருடமாக அது டோய்வோ ரண்டாவின் வேலை. போன பிப்ரவரியில் அங்கேயே அவனுக்கு அடிபட்டது. உறைபனி தரையைத் தூக்கியதில் சாக்கடை மூடி ஒன்று இரண்டு விரல் அளவு மேலே வந்திருந்தது. பனிக்கு அடியில் இருந்ததால் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கலப்பை பிளேடின் ஓரம் மட்டும் அதில் மாட்டியதால் பிளேடு மடிந்து கொடுக்கவில்லை, வண்டி அப்படியே நின்றுவிட்டது. பெல்ட் போடாமல் இருந்தான், எங்களில் யாரும் போடுவதில்லை. நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதியது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

கலப்பை வாங்க இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு பெரிய ஊர்க் கடைக்குப் போனேன். விற்பனைக்காரப் பையன் என்னை நேராக நடுவில் மடிகிற கலப்பையிடம் கூட்டிப் போனான். இரண்டு சிறகு வைத்தது, மடக்கினால் ஆப்பு மாதிரி முன்னால் நீளும்.

"சார், இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. மூணடிப் பனியைப் பொளந்துக்கிட்டுப் போகும்."

"கனம் எவ்வளவு?"

"தொள்ளாயிரம் பவுண்டு. உங்களது முக்கால் டன் வண்டிதானே, தாங்கும் சார்."

"வண்டி தாங்கும். ரெண்டு வருஷத்துல முன்பக்க ஸ்பிரிங் உக்காந்துடும். அப்ப அதை நீ வந்து தாங்குவியா?"

சிரித்தான். எனக்கு வேண்டியது அதுவல்ல என்று எனக்கே தெரியும். மருத்துவமனை இடம் நீளமானது, மேடு பள்ளம் இல்லாதது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே தள்ளாகத் தள்ள எட்டடி நேர் பிளேடு போதும். தகடு தடிமனாக இருக்க வேண்டும். பிளேடைத் தாங்கும் சட்டம் உறுதியாக இருக்க வேண்டும். எதிலாவது இடித்தால் முன்னால் மடிந்து கொடுக்கிற ஸ்பிரிங் நன்றாக வேலை செய்ய வேண்டும். கூரைச் சாமான் ஏற்றுகிற வண்டியின் முன்சக்கரத்துக்கு அதற்கு மேல் பாரம் கூடாது. அப்படி ஒன்று அங்கே இருந்தது. ஆனால் அதன் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

வீட்டில் டார்லா சொன்னாள். "டோய்வோ கலப்பை மார்லீன் ஷெட்லதானே கெடக்கு. அவன் வண்டியும் உன் வண்டியும் ஒரே மாடல். அப்படியே மாட்டிக்கலாமே."

"செத்தவன் கலப்பை."

"அது உன்னை ஒண்ணும் கடிக்காது. அவளுக்கும் காசு வேணும்."

என் மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். ஊரில் யாருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாளே போனேன். டோய்வோவின் மனைவி மார்லீன் அறுபத்தைந்து வயதுக்காரி. வாசலிலேயே, "வா லைல். பூட்ஸைக் கழட்ட வேணாம், நேரா ஷெட்டுக்கே போயிடலாம்" என்றாள். தார்ப்பாயை நான்தான் விலக்கினேன். கடையில் பார்த்ததைவிட நல்ல கலப்பை. டோய்வோ வருடா வருடம் துரு நீக்கி வண்ணம் அடித்து வைத்திருந்தான். தாங்கு சட்டத்தின் இரண்டு மூலையிலும், இடதும் வலதும், முக்கோணமாக ஒரு கனத்த இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்து பலப்படுத்தியிருந்தது. அந்த வேலை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அவன் மகள் கைசாவுடையது. முப்பத்து நான்கு வயது. அதே தெருவில் தன் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக வெல்டிங் பட்டறை. சில்லறைக் காசுகளைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கியது போல இருக்கும் அவள் வைக்கிற வெல்டு. எங்கள் பக்கம் கலப்பை வைத்திருந்த அத்தனை பேரும் அவளிடம்தான் போவோம்.

"மூவாயிரம் டாலர்னு கைசா சொல்லச் சொன்னா. உனக்குச் சரியாப் படுதா பாரு. நான் காப்பி கொண்டு வர்றேன்" என்று மார்லீன் உள்ளே போனாள்.

மூவாயிரம் என்பது நியாயமான விலை. நியாயத்துக்கும் கீழே. அது எனக்குத் தெரியும்.

வெல்டின் மேலிருந்த வண்ணத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியது. மோதிய வேகத்தில் வண்ணம் வெடித்திருக்கிறது. இரண்டு மூலையிலும் அதே கோடு. பேனாக்கத்தியை எடுத்து வலது மூலையில் ஒரு விரல் நீளம் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளி மாதிரி முழு இரும்பு. ஒரு கீறல் இல்லை. வெடித்தது வண்ணம் மட்டும்தான். கத்தியை மடக்கிப் பையில் போட்டேன்.

மார்லீன் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்தாள். ரொட்டியைக் கடித்துக்கொண்டே நான் இடது மூலைக்குப் போய்க் குனிந்தேன். கத்தி படாத மூலை அது.

"மார்லீன், இங்க பாத்தீங்களா?"

"என்னது?"

"விரிசல். வெல்டு விட்டிருக்கு."

அவள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்து பார்த்தாள். "இது கைசா வெச்சது."

"அவசரத்துல வெச்சிருப்பா. யாருக்கும் ஆகுறதுதான். மூவாயிரம் குடுக்க முடியாது மார்லீன். இதை ராவி எடுத்துட்டு மறுபடி வெக்கணும். ஆயிரத்து எண்ணூறு தர்றேன்."

பழைய சாமான் வாங்குகிற எவனும் ஏதாவது ஒரு குறை சொல்லாமல் வாங்குவதில்லை. சக்கரம் தேய்ந்திருக்கிறது என்போம், சத்தம் வேறு மாதிரி கேட்கிறது என்போம். விற்கிறவனும் அதை நம்புவதில்லை. ஆனால் டோய்வோவாக இருந்தால் சிரித்துக்கொண்டே என்னை வெளியே தள்ளியிருப்பான். மார்லீன் நம்பினாள். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள்.

"அதனாலதான் அன்னைக்கு பிளேடு மடங்கலையா, லைல்?"

அப்போதுகூட ஒரு வார்த்தை போதும். இந்த மூலைக்கும் பிளேடு மடங்குவதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விலை மறுபடி ஏறும் என்று நினைத்தேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்" என்றேன்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். ஆயிரத்து எண்ணூறை வாங்கிக்கொண்டாள். நான் காப்பிக் கோப்பையைக் காலி செய்து கொடுத்துவிட்டுக் கலப்பையை மாட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் பனி நவம்பர் ஒன்பதாம் தேதி விழுந்தது. கலப்பை வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. மூன்று வாரம் சந்தோஷமாகவே இருந்தேன், அதையும் மறைக்கப் போவதில்லை.

பிறகு ஒரு நாள் காலை வேலை முடித்து எட்னா கடையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அரசாங்கப் பனி லாரி ஓட்டுகிற வெர்ன் எதிரில் வந்து உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து என் நண்பன்.

"டேய் லைல், டோய்வோ கலப்பை அவன் பொண்ணு வெல்டு வெச்ச எடத்துலயே ஒடஞ்சிருந்துச்சாமே?"

"ஒடையல. விரிசல்தான்."

"நீயே பாத்தியா?"

பக்கத்து மேசைகளில் தலைகள் திரும்பின. "பாத்தேன்" என்றேன்.

"மார்லீன் சர்ச்ல அழுதிருக்கா. பெத்த பொண்ணே அப்பனை இப்படி… சரி விடு. அப்புறம் யாரு சரி பண்ணிக் குடுத்தா?"

"நானேதான்."

"நீயா? நீ வெல்டு வெச்சா கோழி எச்சம் போட்ட மாதிரி இருக்குமேடா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெர்ன் குரலைத் தாழ்த்தி, "என் கலப்பையை அவகிட்ட குடுத்திருந்தேன், திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன். ஹான்காக் ஊர்ல வெல்டு வெக்கிறவன் ஒருத்தன் இருக்கான். எதுக்கு வம்பு?" என்றான். அடுத்த மேசையிலிருந்து இன்னொருவனும் தானும் எடுத்துவிட்டதாகச் சொன்னான்.  நான் காப்பி கேட்டேன்.

அந்த வாரமே கைசா போன் செய்தாள்.

"லைல், சனிக்கிழமை வந்தா வீட்ல இருப்பீங்களா? அந்த விரிசலை நான் பாக்கணும்."

"அதான் ராவிட்டு மறுபடி வெச்சுட்டேனே."

"பரவாயில்ல. அந்த எடத்தைப் பாத்தா போதும்."

நான் ராவவே இல்லை. அவள் வைத்தது வைத்தபடியே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை டார்லா வேலைக்குப் போன பிறகு காரேஜ் கதவைச் சாத்தினேன். கிரைண்டிங் மெஷினை எடுத்து இடது மூலையில் வைத்தேன். நல்ல வெல்டு லேசில் போவதில்லை. முக்கால் மணி நேரம் பொறி பறந்தது. அடிவரை போய்ப் பார்த்தும் ஒரு காற்றுக் குமிழி கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாள், தன் அப்பா ஓட்டப் போகிற கலப்பை என்பதால் இன்னும் கவனமாக வைத்திருப்பாள். அந்தப் பள்ளத்தில் என் வெல்டை வைத்தேன். வெர்ன் சொன்ன மாதிரியேதான் வந்தது. சூடு ஆறுவதற்குள் கறுப்பு வண்ணம் அடித்தேன்.  

வலது மூலையை என்ன செய்வது? அங்கே கத்திச் சுரண்டல் இருந்தது, அவளுடைய வெல்டு முழுசாக இருந்தது. சனிக்கிழமை வண்டியை வெளியே எடுத்து, வலது பக்கம் பனிக் குவியலோடு ஒட்டும்படி நிறுத்தினேன். ஒரு கை நுழைய இடமில்லாமல் நிறுத்தினேன்.

கைசா வந்தாள். பனியில் முழங்கால் போட்டுக் கையுறையைக் கழற்றி என் வெல்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"விரிசல் எவ்வளவு நீளம் இருந்துச்சு?"

விரலில் காட்டினேன்.

"ஆழம்?"

"அடிவரைக்கும்."

அதைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள்.

"அப்பா அன்னைக்கு ராத்திரியே வேணும்னார். கண்ணு எரிஞ்சுது. நாளைக்கு வெக்கிறேன்னு சொல்லியிருக்கணும்." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நல்லவேளை நீங்க பாத்தீங்க, லைல். இல்லன்னா உங்களுக்கும் ஏதாவது ஆகியிருக்கும். தேங்க்ஸ்."

என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே பட்டறைக் கதவில் மூடியாகிவிட்டது என்று அட்டை தொங்கியது. நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டேன். மருத்துவமனைக்கு அது குறுக்கு வழி. சுற்றிக்கொண்டு போனேன்.

ஜனவரி நடுவில் ஒரு மாலை டார்லா வேலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"கைசா இன்னைக்கு எங்க கிச்சன்ல சேந்திருக்கா. பாத்திரம் கழுவ. நான் போய்ப் பேசினேன். இது அப்பனைக் கொன்ன கைன்னு சொல்லிட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சொல்லிவிட்டேன். ஷெட்டு, கத்தி, விலை, கிரைண்டிங் மெஷின், பனிக் குவியல், எல்லாம். பாதியிலேயே அவள் அடுப்பை அணைத்தாள்.

முடித்ததும் கேட்டாள். "என்கிட்ட ஏன் சொல்ற? அந்த வெல்டை வெச்சவ நானா?"

"டார்லா…"

"அவ உன் கையைப் புடிச்சு தேங்க்ஸ் சொன்னான்னு சொன்ன. நீ கையைக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

அவள் காரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். முப்பது வருடத்தில் அவள் அப்படிப் போனதில்லை.

மறுநாள் வேலை முடித்த கையோடு, குறைத்த ஆயிரத்து இருநூறையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு மார்லீன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் அவள் எதிரில் உட்கார்ந்து, விரிசலே இல்லை, விலையைக் குறைக்கத்தான் சொன்னேன் என்றேன்.  

மார்லீன் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கைமேல் கை வைத்தாள்.

"நீ நல்லவன் லைல். டோய்வோ எப்பவும் சொல்வார். டார்லா சொல்லி அனுப்பினாளா? கைசா படுற பாட்டைப் பாத்துட்டு அவளுக்காகப் பழியை உன்மேல போட்டுக்க வந்திருக்க."

"இல்ல மார்லீன், நெஜமா…"

"நான் என் கண்ணால பாத்தேன்பா அந்தக் கோட்டை. என் விரலால தொட்டேன். பணத்தை எடுத்துக்கோ."

ரொட்டி வேறு பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தாள்.

இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கூசுகிறது. வாசலைத் தாண்டியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. போனேன், சொன்னேன், அவள் நம்பவில்லை. இனி நான் என்ன செய்ய முடியும் என்று தோன்றியது. அந்த நினைப்போடு வண்டி வரை நடந்தேன். வண்டியில் ஏறி ரொட்டிப் பொட்டலத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அது இன்னும் சூடாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினேன்.

சமையலறையின் பின்வாசலில் குப்பைத் தொட்டிகள் பக்கமாக நிறுத்தி, கைசாவைக் கூப்பிடச் சொன்னேன். ஏப்ரனில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"உன் வெல்டுல ஒண்ணுமே இல்ல கைசா. நான் பொய் சொன்னேன்."

அம்மா மாதிரியே அவளும் நம்பவில்லை. "டார்லா உங்களை அனுப்பினாங்களா? வேணாம் லைல்" என்று திரும்பப் போனாள்.

"வலது மூலையைப் பாரு. அதை மட்டும் பாத்துட்டுப் போ."

வண்டியின் முன்னால் குனிந்தாள். பார்த்த உடனே அவள் முதுகு அசையாமல் நின்றுவிட்டது. வண்ணத்தில் அதே மயிரிழைக் கோடு. நடுவில் நான் சுரண்டிய இடத்தில் முழு இரும்பு. சாவியை எடுத்து அந்தக் கோடு முழுவதையும் தானே சுரண்டினாள், ஓரத்திலிருந்து ஓரம் வரை. நகத்தால் தடவினாள்.

"இந்தச் சுரண்டல் யாரு?"

"நான்தான். கத்தியால."

"எப்போ?"

"வாங்க வந்த அன்னைக்கே. உங்கம்மா காப்பி எடுக்கப் போனப்போ."

"அப்ப தெரிஞ்சுதான் அந்தப் பக்கத்தைக் காட்டினீங்க."

"ஆமா."

"இடது பக்கம் நான் வெச்சது?"

"நீ வர்றதுக்கு மொத நாள் ராவினேன். அதுலயும் ஒண்ணும் இல்ல."

"சனிக்கிழமை வண்டியைப் பனியோட ஒட்டி நிறுத்தியிருந்தீங்க."

"ஆமா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கியிருப்பேன். அவள் ஏப்ரனை அவிழ்த்து மடித்து உள்ளே கொடுத்துவிட்டு வந்தாள். "வாங்க. நான் பக்கத்துல நிக்கும்போது அம்மாகிட்ட சொல்லுங்க."

அதே மேசை. இந்த முறை கைசா சொன்னாள், நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். மார்லீன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கைசா விடவில்லை, முகத்தைத் திருப்பினால் "அம்மாவைப் பாருங்க" என்றாள்.

கடைசியில் மார்லீன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அதனாலதான் மடங்கலையான்னு நான் உன்கிட்ட கேட்டேனே லைல். அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கிட்டத்தட்ட மூணு மாசம் நான் என் பொண்ணு மூஞ்சியைப் பாத்துப் பேசல."

 மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் இருந்தது. அந்த மேசையில் அதை எடுத்து வைக்க வெட்கமாக இருந்தது. பணத்தைத் திரும்ப வைத்தேன், இந்த முறை மார்லீன் எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்னா கடை. கைசா அனுப்பித்தான் போனேன். "எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க" என்றிருந்தாள். கூட வரவில்லை. ஏழு மணிக்கு எல்லா மேசையும் நிறைந்திருந்தது. நின்றுகொண்டே சொன்னேன், ஏனென்றால் உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். டோய்வோ கலப்பையில் விரிசல் இல்லை, விலை குறைக்கப் பொய் சொன்னேன், பிறகு அவள் வெல்டை நானே ராவி அழித்தேன் என்றேன்.

 எட்னா காப்பிப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். வெர்ன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராவினியா?" என்று கடைசியில் கேட்டான். "அந்த வெல்டையா?"

"ஆமா."

"நான் ஹான்காக்காரனுக்கு அழுத காசை உன்கிட்டதான்டா வாங்கணும்" என்றான். சிரிக்க வைக்கச் சொன்னது. ஒருவரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை. எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

அந்த வாரம் கைசா என்னைப் பட்டறைக்கு வரச்சொன்னாள். கதவில் தொங்கிய அட்டை இல்லை. "எங்கப்பா கலப்பை அந்த அசிங்கத்தோட ஊரைச் சுத்தக்கூடாது" என்றாள். என் வெல்டை ராவி எடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். இரண்டு மணி நேரம் நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கீழே, இதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் முகக்கவசத்தைத் தூக்கி, வைத்ததைப் பார்த்தாள். தான் செய்த வேலையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. "எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

டார்லா ஆறு நாள் கழித்து வந்தாள். அது பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. ஆனால் நான் ஏதாவது வாங்கப் போவதாகச் சொன்னால் அவளும் கிளம்பி வருகிறாள்.

பிப்ரவரிக்குள் கைசாவுக்குப் பழையபடி வேலை வந்துவிட்டது. வெர்ன்தான் முதலில் கொண்டுபோனான் என்று கேள்வி. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். மருத்துவமனைக்காரர்கள் என்னை நீக்கவில்லை, அவர்களுக்கு இடம் சுத்தமாக இருந்தால் போதும். எட்னா கடையில் என் மேசைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. கேட்டால் பதில் சொல்வார்கள்.

இப்போது பழைய குறுக்கு வழியிலேயே போய் வருகிறேன். மார்லீன் தன் வாசல் பனியைத் தள்ள வேறொருவனை வைத்திருக்கிறாள், வெளியூர்க்காரன். அவனுக்கு வேலை தெரியாது. தள்ளிய பனியை அவளுடைய தபால் பெட்டிக்கு எதிரிலேயே குவித்துவிட்டுப் போகிறான். போன செவ்வாய்க்கிழமை காலை அவள் மண்வெட்டியோடு அந்தக் குவியலை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வேகத்தைக் குறைத்தேன். ஒரே தள்ளு போதும், அரை நிமிட வேலை. அவள் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள், கலப்பையைப் பார்த்தாள், பிறகு குனிந்து மறுபடி வெட்டத் தொடங்கினாள். நான் பிளேடை இறக்காமல் போய்விட்டேன்.